கொட்டாத பூச்சி

அது குளவி இல்லை. குளவிக்கு இடுப்பு உண்டு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே நூல்போல ஒரு சன்னமான ஒட்டு. இதற்கு அது இல்லை, மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரே தடிமன். குளவி உட்கார்ந்தால் இறக்கையை நீளவாக்கில் மடித்து வைத்துக்கொள்ளும். இது விரித்துப் போட்டபடி சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. கறுப்பு இறக்கை, அதில் ஆரஞ்சுத் திட்டுகள், வயிற்றைச் சுற்றிச் சிவப்பும் மின்னுகிற நீலமுமாக வளையங்கள், கொம்பின் நுனியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. அந்துப்பூச்சிதான். உலகம்மாளின் போட்டோவுக்குப் போட்ட மாலையில், சம்பங்கிக்கும் ரோஜாவுக்கும் இடையில், அவள் கன்னத்துக்கு நேராக இருக்கிறது. உலகம்மாள் என் மனைவி. இன்றைக்குப் பதினாறாம் நாள் காரியம். காலையிலேயே முடிந்துவிட்டது, பந்தியும் முடிந்துவிட்டது, நான் போட்டோவுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், யார் இங்கே உட்காரச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சாம்பார் வாடையும் சாம்பிராணி வாடையும் சேர்ந்து வருகின்றன. எது முன்னால் எது பின்னால் என்று மூக்கு சொல்ல மாட்டேன் என்கிறது. வாசலில் வேன் நிற்கிறது. அந்த வேனில் என் மகள் கோமதியைக் கோவில்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார்கள். உலகுவின் தம்பி குற்றாலம் காலையிலேயே என்னிடம் சொல்லிவிட்டான், அவன் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், கோமதி மூன்றாவதாக இருந்துகொள்வாள், பக்கத்திலேயே பள்ளிக்கூடம், ஏழு வயதுப் பிள்ளைக்குத் தலைபின்னிவிட ஒரு பொம்பளை வேண்டாமா அத்தான் என்று. நான் பதில் சொல்லவில்லை. பதில் இருக்கிறது. பிள்ளை இங்கேயே இருக்கட்டும். அவ்வளவுதான் பதில். வகுப்பில் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிறவன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறவன், இந்த ஒரு வரி தொண்டையில் எங்கேயோ நின்றுகொண்டிருக்கிறது, அதைத் தள்ளிவிட எனக்குக் கை வரவில்லை.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடாது. எங்கள் பக்கத்தில் அது கண்டிப்பு. மறுபடி இதற்காக வரும்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காக யாரும் எதுவும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள், வீட்டுக்காரனும் வாங்க என்றோ இருங்க என்றோ சொல்ல மாட்டான். இன்று மத்தியானத்திலிருந்து அப்படித்தான் ஒவ்வொருவராகக் கரைந்துகொண்டிருக்கிறார்கள். இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவரைத் திரும்பிப் பார்த்தால் அங்கே சுவர்தான் இருக்கிறது. சித்தப்பா எப்போது போனார், தலைமையாசிரியர் எப்போது போனார், எதுவும் தெரியாது. முதலில் எனக்கு இது வசதியாகத்தான் இருந்தது, யார் கையையும் பிடித்துக்கொண்டு தலையாட்ட வேண்டியதில்லை. இப்போதுதான் உறைக்கிறது, கோமதியையும் இப்படித்தான் கொண்டுபோவார்கள். அப்பா போய்ட்டு வாரேன் என்று அவள் சொன்னால் நான் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடலாம், சொல்ல ஒரு இடம் கிடைக்கும். அவளைச் சொல்ல விடமாட்டார்கள். குற்றாலத்தின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள், வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்கும், நான் இந்தப் பூச்சியையே பார்த்துக்கொண்டிருப்பேன். எழுந்திருக்க வேண்டும். கால் இருக்கிறது, பார்க்கிறேன், வேட்டிக்குக் கீழே இரண்டு பாதம் தெரிகிறது, அது என்னுடையதுதான். ஆனால் அதற்குச் சொல்லி அனுப்ப ஆள் இல்லை. மருத்துவமனையில் கையெழுத்துப் போட்ட நேரத்திலிருந்து இப்படித்தான். பல்லைப் பிடுங்கப் போட்ட ஊசி இன்னும் இறங்காதது மாதிரி, உடம்பு முழுக்க. நான் அழவில்லை என்று எல்லாருக்கும் குறை. மண்டபம் மாதிரி உட்கார்ந்திருக்கான் மனுசன், இவன் எப்படிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வான் என்று அடுப்படியில் பேசிக்கொண்டார்கள், நேற்றோ முந்தாநாளோ. எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார்கள். கேட்டது. வருத்தம்கூட வரவில்லை. சரியாகத்தானே சொல்கிறார்கள் என்று பட்டது.

பூச்சியை முதலில் பார்த்தது ஆவுடையத்தை. உலகுவின் பெரியம்மா, அம்மா இல்லாத உலகுவைக் கட்டிக்கொடுத்தவள். படையல் இலையை எடுக்க வந்தவள் இலையோடு அப்படியே நின்றுவிட்டாள். அவதான் வந்திருக்கா என்றாள், சத்தமே இல்லாமல். பார்த்தியா கன்னத்துலயே வந்து உக்காந்திருக்கா, போகமாட்டாம கெடக்கா பாரு என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பதினாறாம் நாள் வீட்டுக்குள் எது வந்தாலும் அது செத்தவர்தான், காக்கை வந்தால் காக்கை, தும்பி வந்தால் தும்பி. அடுப்படியிலிருந்து நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள், ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்குள் குற்றாலம் வந்துவிட்டான். வந்தவன் ஒரு அடி பின்வாங்கினான். குளவி, குளவி, பிள்ளைய உள்ள விடாதீங்க என்றான். முகம் வெளுத்துவிட்டது. தன் அக்காவைக் கொன்ற சாதி அவள் போட்டோவிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தால் யாருக்குத்தான் வெளுக்காது. ஆக, கூடத்தில் ஒரு பாதிக்கு அது செத்துப்போனவள், மறுபாதிக்கு அவளைக் கொன்றது. நான் மட்டும் இரண்டும் இல்லை என்று தெரிந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். வாயைத் திறந்து அந்துப்பூச்சி என்று சொன்னால் போதும். அதுவும் வரவில்லை. குற்றாலம் துடைப்பத்தைத் தேடிப் போயிருக்கிறான். அடிக்காதலே, அவள அடிப்பியா என்று ஆவுடையத்தை பின்னாலேயே போகிறாள்.

இதை நானும் குளவி என்றுதான் சொன்னேன், முதன்முதலில். உலகு மதில்மேல் ஏற்றிவிட்டிருந்த ஊதாப் பூக்கொடிக்கு முன்னால் நின்றுகொண்டு கூப்பிட்டாள், நான் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் குளவியா இருக்கும் தள்ளி நில்லு என்றேன். குளவின்னா ஏன் இப்படி அசமந்தமா உக்காந்திருக்கு, தொட்டாக்கூட நகரமாட்டேங்கு என்றாள். தொட்டிருக்கிறாள். விரல் நுனியைக் கொண்டுவந்து காட்டினாள், கறுப்பாகத் தூள் ஒட்டியிருந்தது. குளவி இறக்கையில் ஏது தூள். அப்போதுதான் எழுந்து போய்ப் பார்த்தேன். கல்லூரியில் படித்தபோது பூச்சிகளைப் பெட்டியில் ஊசி குத்தித்தான் பார்த்திருக்கிறேன், நிறம் போனது, கால் உடைந்தது. உயிரோடு இவ்வளவு பளபளப்பாக ஒன்று எங்கள் மதிலிலேயே இருக்கும் என்று நினைத்ததில்லை. போட்டோ எடுத்துக் கோயம்புத்தூரில் இருக்கிற கூடப்படித்தவனுக்கு அனுப்பினேன், குளவி வேஷம் போடுகிற அந்துப்பூச்சி, பகலில் பறக்கும், இந்தக் கொடியைத்தான் புழு தின்னும், ஒன்றும் செய்யாது என்று பதில் வந்தது. ஒன்றும் செய்யாதா என்று உலகுவுக்கு ஒரே சந்தோஷம். பாடத்தில் இதற்கு ஒரு நீளமான பெயர் இருக்கிறது, மிமிக்ரி என்று சொன்னால் பிள்ளைகள் டிவியில் குரல் மாற்றிப் பேசுகிறவர்களை நினைத்துச் சிரிக்கிறார்கள். உலகுவுக்கு அதைத்தான் விளக்கினேன், குருவி ஒரு தடவை குளவியிடம் கொட்டு வாங்கினால் அந்த நிறத்தை மறக்காது, அதனால் அதே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு இது பிழைத்துக்கொள்கிறது என்று. அவள் என் மேஜையில் கிடந்த பிரம்பைப் பார்த்தாள். நீங்களும் இதைக் கையில வச்சிக்கிட்டுத்தான் நடக்கீங்க, ஒருத்தனையாவது அடிச்சிருக்கீங்களா என்றாள். சிரித்தேனா, கோபப்பட்டேனா. அவள் சொன்னது அப்படியே இருக்கிறது, நான் என்ன செய்தேன் என்பது இல்லை.

அப்புறம் இலைக்கு அடியில் முட்டை பார்த்தாள், வெளிறிய மணி மணியாக, ஒட்டிவைத்ததுபோல. இலையோடு பறித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வாயில் கொசுவலைத் துணி கட்டி அடுப்படி ஜன்னலில் வைத்தாள். கோமதி பள்ளிக்கூடம் போகுமுன் அதன் முன்னால் நின்றுதான் பால் குடிப்பாள். புழு மயிர் முளைத்து, முன்னால் ஒரு குஞ்சம் பின்னால் ஒரு குஞ்சம், சட்டையை உரித்து உரித்துப் போட்டுக்கொண்டு வளர்ந்தது, ராத்திரி போட்ட இலை காலையில் நரம்பாகக் கிடக்கும். பிறகு ஒருநாள் தின்பதை நிறுத்திவிட்டது. சீக்கு வந்துட்டு என்று கோமதி அழுதாள். சீக்கு இல்லை. தன் உடம்பு மயிரையே உதிர்த்து, வாயிலிருந்து வருகிற நூலோடு சேர்த்துப் பின்னி, அதற்குள்ளேயே போய்ப் படுத்துக்கொண்டது. ஊரான் பஞ்சை எதிர்பாக்காம தன் முடியிலேயே மெத்தை தச்சிக்கிட்டு பாருங்க என்று உலகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். உள்ளே என்ன நடக்கும் என்று கோமதி கேட்டாள். நான் வாத்தியார் குரலில் சொன்னேன், புழு கரைந்துபோகும், கால், வாய் எல்லாம் கூழாகி அதிலிருந்து புதிதாக இன்னொன்று உண்டாகும் என்று. வலிக்குமா என்று கேட்டாள். தெரியலை என்றேன். அது தெரியாமத்தான் வாத்தியாரா இருக்கீங்களா என்று உலகு அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். கூட்டை உடைத்துக்கொண்டு பூச்சி வந்த அன்று கோமதி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஈர இறக்கையைக் காயவைத்துக்கொண்டு அது துணியிலேயே தொங்கியதாம், மத்தியானம் உலகு அவிழ்த்துவிட்டாளாம், கொடிக்கே போய்விட்டதாம். கோமதி வந்து வெறும் பாட்டிலைப் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசவில்லை. அந்தக் கொடியைப் போன வாரம் குற்றாலம் வெட்டிவிட்டான். குளவி வருகிறது என்று வேரோடு பிடுங்கித் தெருமுனையில் போட்டுத் தீ வைத்தான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடுகள் பொசுங்கியிருக்கும் என்று தோன்றியது, தோன்றியதோடு சரி. ஏதோ ஒன்று மட்டும் ஜன்னல் கட்டைக்கு அடியிலோ எங்கேயோ ஒட்டிக்கொண்டு தப்பித்திருக்கிறது.

ஆனால் கடந்தை வேறு. கடந்தைக் குளவியை யாரும் இதோடு குழப்ப முடியாது, விரல் நீளம், பழுப்பு, பட்டை. பக்கத்து மனையின் பனையில் பானை மாதிரி கூடு இருந்தது, எல்லாருக்கும் தெரியும், தீயணைப்பு ஆபீஸுக்குச் சொல்ல வேண்டும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை யாரோ ஓலை வெட்ட ஏறியிருக்கிறார்கள். உலகு கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளே. முதலில் ஒரு சத்தம், மாவு மில் ஓடுகிற மாதிரி. அப்புறம் அவள் குரல். நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓடி அவள்மேல் போட்டு இழுத்துக்கொண்டு வந்தேன். என் கையிலும் இரண்டு மூன்று கொட்டியது, அந்த இடம் இன்றைக்கும் தடித்துக் கிடக்கிறது, அமுக்கினால் ஒன்றும் தெரியவில்லை. கோமதி ஜன்னலில் நின்றாள். போர்வைக்குள் ஏதோ ஓடுகிறது என்பதைத்தான் பார்த்தாள், அதற்குள் அடுத்த வீட்டுக்காரர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆட்டோவில் உலகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தென்காசி எல்லை வருவதற்குள் பேச்சு நின்றுவிட்டது. கோமதியிடம் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள், அம்மாவுக்கு வலிக்கவே இல்லை, மயக்கம் வந்து அப்படியே தூங்கிட்டா, சாமிகிட்ட போய்ட்டா என்று. அன்றிலிருந்து பிள்ளை கொல்லைப் பக்கம் போகவில்லை. ஈ பறந்தால் காதைப் பொத்திக்கொள்கிறாள், என்னிடம் வருவதில்லை, என்னைத் தூரத்திலிருந்து பார்க்கிறாள். அவள் எதையோ கேட்க நினைக்கிறாள், நான் அதற்கு வாய்ப்பே கொடுக்காமல் மரமாக இருக்கிறேன். குற்றாலம் சொல்வதும் அதுதான், இந்த வீட்டுல இருந்தா பிள்ளை பயந்தே செத்துரும் அத்தான். பிள்ளையின் மாமாவும் மாமியும் ஒரே குரலாகச் சொல்லும்போது நான் யார் மறுக்க. நான் தகப்பன். தகப்பன் என்றால் என்ன, எங்கே இருக்கிறான் அவன், இந்த நாற்காலியில் இருக்கிறவனா. வேனை ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். கூடத்தில் இருந்தவர்கள் பாதிப்பேர் இல்லை. கோமதி புதுக் கவுன் போட்டுக்கொண்டு மாமியின் சேலையைப் பிடித்தபடி நிலைப்படியில் நிற்கிறாள். செருப்பு போட்டாகிவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை, பூச்சியைப் பார்க்கிறாள், முகம் சின்னதாகிப்போய், ஒரு காதைக் கையால் மூடிக்கொண்டு. குற்றாலம் துடைப்பத்தோடு வந்துவிட்டான். கோமதிக்காகத்தான் அடிக்கப்போகிறான், அவள் கண்முன்னால் இதைக் கொன்றுவிட்டால் பயம் தெளியும் என்று நினைக்கிறான். அவள் காலத்துக்கும் நினைவு வைத்திருப்பாள், குளவி வீடுவரைக்கும் வந்தது, மாமா அடித்துக் கொன்றார், அப்பா உட்கார்ந்திருந்தார்.

கால் எழுந்துவிட்டது. நான் சொல்லவில்லை, அதுவாகவே. துடைப்பத்துக்கும் போட்டோவுக்கும் நடுவில் போய் நின்றேன். ஒருவேளை குளவியாக இருந்தால் என்று ஒரு நினைப்பு அப்போதுதான் வருகிறது, இவ்வளவு நேரம் வராதது, கூடப்படித்தவன் போட்டோவைப் பார்த்துத்தானே சொன்னான், இது அதுதானா, இடுப்பு இல்லை என்று இங்கிருந்து பார்த்தால் தெரியுமா. கொட்டினால் கொட்டட்டும் என்றும் ஒன்று உள்ளே சொல்கிறது, கொட்டினால் தேவலை என்றே சொல்கிறது, அவளுக்குக் கொட்டியது எனக்கும் கொட்டட்டும். மாலையோடு சேர்த்து இரண்டு கையாலும் பொத்தினேன். உள்ளங்கையில் பூ ஈரம். அதற்குள் ஏதோ மெல்லச் சிறகடித்தது. அவ்வளவுதான். எடுத்துக்கொண்டு போய் நிலைப்படிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மாமி பிள்ளையைப் பின்னால் இழுத்தாள். நான் கையைத் திறந்தேன். பூச்சி என் கட்டைவிரலில் ஏறி நின்றது, உள்ளங்கை முழுக்கக் கறுப்புத் தூள்.

"கொட்டுமா?" என்று கோமதி கேட்டாள். என்னிடம் அவள் பேசி எவ்வளவு நாளாயிற்று.

"கொட்டாது. இதுக்குக் கொடுக்கே கிடையாது. கொட்டுற மாதிரி வேஷம் போட்டிருக்கு, அவ்வளவுதான்."

அவள் குனிந்து பார்த்தாள். காதை மூடியிருந்த கை இறங்கியது. பூச்சி கொம்பை ஆட்டிக்கொண்டு விரல் நுனிக்குப் போய், ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துப் பறந்துவிட்டது. அவள் தலைக்கு மேலாகத்தான் போனது. அவள் அசையவில்லை. அதைப் பார்க்கவுமில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு வலிச்சுதா?"

மாமி ஐயோ என்று ஏதோ சொல்ல வந்தாள். வலிக்கவே இல்லை கண்ணு, தூங்கிட்டா என்று குற்றாலம் சொன்னான், துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு. கோமதி அவன் பக்கம் திரும்பவில்லை.

"வலிச்சுதும்மா," என்றேன்.

"ரொம்பவா?"

"ரொம்ப. கொஞ்ச நேரம்."

குற்றாலம் என்னை அடிக்கப்போகிறவன் மாதிரி பார்த்தான், அப்புறம் அவனும் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனிடமும் நான் தூங்கிவிட்டாள் என்றுதான் போனில் சொல்லியிருந்தேன்.

"எங்க வலிச்சுது?"

காட்டினேன். காதுக்குப் பின்னால். நெற்றியில். தோளில். ஆட்டோவில் அவள் கையை எடுத்து எடுத்து வைத்துக்கொண்ட இடம், கழுத்தில், இங்கே. என் உடம்பில் ஒவ்வொரு இடமாக விரலை வைத்துக் காட்டினேன். கோமதி மாமியின் சேலையை விட்டுவிட்டு வந்து, நான் காட்டிய இடத்தையெல்லாம் தொட்டுப் பார்த்தாள், காதுக்குப் பின்னால், நெற்றி, தோள். கழுத்தில் அவள் விரல் பட்டதும் எனக்குச் சுரீரென்றது. வலித்தது. அப்படி ஒரு வலி. நான் பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

"குத்தாலம், பிள்ளை இங்கயே இருக்கட்டும்," என்றேன்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான், மனைவியைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனான், முறைப்படி ஒரு வார்த்தையும் இல்லாமல். வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கோமதி என் மடியில் உட்கார்ந்துகொண்டு இன்னும் என் கழுத்தைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தாள்.